பெட்ரோல் தீர்ந்த பிறகும் பறந்தவர்

ஊரில் பாதிப் பேரின் வாயைப் பார்த்தவர் அந்தப் பல் டாக்டர். வாரமெல்லாம் பல்லோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளில் ஒரு பழைய சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு வானத்துக்குப் போய்விடுவார். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட வித்தை. அவர் கணவருக்கோ ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றவே கால் நடுங்கும். தையல்காரர். மனைவி பறக்கக் கூப்பிட்டபோதெல்லாம் சாக்குச் சொல்லித் தப்பித்தவர், வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மாட்டிக்கொண்டார்.

"பஸ்ல போனா ராத்திரி ஆயிடும். பறந்தா மத்தியானமே பேத்தியைத் தூக்கலாம். வரீங்களா?"

பேத்தி என்ற சொல்தான் அவரை விமானத்தில் உட்கார வைத்தது.

டாக்டர் டேங்கை நிரப்பவில்லை. இருக்கிற பெட்ரோல் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் எதிர்க்காற்று சின்னதாக இருந்தது. மேலே போனபோது அப்படி இல்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்த தையல்காரர், ஒருவழியாகத் திறந்து கீழே பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, அந்த நீல லாரி ரொம்ப நேரமா நம்ம கூடவே வருது. இதுக்குப் பேரு பறக்கறதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. லாரியைப் பார்த்தார். பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். முகம் மாறியது.

"காத்து நம்மள நகரவே விடல. தப்புப் பண்ணிட்டேங்க. பக்கத்துல ஒரு ஓடுதளம் இருக்கு, இறங்கிடலாம்."

ஓடுதளம் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தபோது எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமி, நின்றேவிட்டது.

அப்படியொரு அமைதியைத் தையல்காரர் அதுவரை கேட்டதில்லை. இறக்கையைத் தடவிப் போகும் காற்று மட்டும் உஸ்ஸென்றது. கல் மாதிரி விழப்போகிறோம் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டார். விழவில்லை. இழுப்பார் தள்ளுவார் யாருமில்லாமல், அத்தனை கனமும் காற்றின் மேல் மெல்லச் சரிந்து போய்க்கொண்டிருந்தது.

"எஞ்சின்தான் நின்னிருக்கு, இறக்கை இருக்கு." பயந்த நோயாளியிடம் பேசும் அதே குரல். "ஓடுதளம் வரைக்கும் போக முடியாது. அதோ, அறுவடை முடிஞ்ச வயல். பெல்ட்டை இறுக்கிக்குங்க. கதவைக் கொஞ்சம் தொறந்து வைங்க."

"கதவையா?"

"இறங்கினப்புறம் சிக்கிக்கக் கூடாது. தொறங்க."

திறந்தார். கரப்பான் பூச்சிக்குக் கட்டில் மேல் ஏறிக் கத்துகிற பெண் இவள்தானா என்று வாய் பிளந்து பார்த்தார். மின்கம்பிகள் காலுக்கடியில் வழுக்கிப் போயின. சக்கரம் மண்ணைத் தொட்டது, குதித்தது, ஒன்று முறிந்தது. விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

டிராக்டர்காரர் ஒருவர் ஓடிவந்தார். "நல்லவேளை, தீப்பிடிக்கல!"

"பிடிக்க ஒரு சொட்டு இருந்தாத்தானே" என்றார் டாக்டர். தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. பஸ்ஸில் போய்ப் பேத்தியைத் தூக்கும் வரைக்கும்.

விசாரிக்க வந்த அதிகாரி, "காத்து மோசமோ?" என்று கேட்டார்.

"காத்து அது வேலையைப் பார்த்துச்சு சார். நான்தான் என் வேலையைப் பார்க்கல."

தன்னைப் போல விமானம் ஓட்டுகிற எல்லோரிடமும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு டேங்க் நிரம்பாமல் அவர் கிளம்பியதில்லை. பாதி வழியில் இறங்கி மறுபடி நிரப்புவதைப் பார்த்துச் சிலர் கேலி செய்தார்கள். கண்டுகொள்ளவில்லை.

விமானம் சரியானதும், யாரும் கூப்பிடாமலே தையல்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மேகத்தை ஒட்டிப் போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த எஞ்சினை ஒரு நிமிஷம் அணைக்க முடியுமா? அன்னிக்குக் கேட்ட அமைதி... மறுபடி கேக்கணும் போல இருக்கு."

"உதை வாங்குவீங்க" என்றார் டாக்டர்.