கயிற்றில் கை வைத்தவர்க்கே பங்கு

டிசம்பர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். கொழும்பு, புறக்கோட்டையில் கற்பிட்டி பஸ்ஸுக்காக நின்ற எங்கள் இருவரையும் பார்த்தவர்கள், விளையாட்டுச் சாமான் கடை ஒன்று இடம் மாறுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு பந்து, இரண்டு பூப்பந்து மட்டை, இடுப்பில் சுற்றும் பெரிய வளையம், மணல் அள்ள வாளி, காற்றடித்தால் எழுந்து நிற்கும் ஒரு மஞ்சள் வாத்து. இத்தனைக்கும் நடுவில், சப்பாத்தும் காலுறையும் கண்ணாடியும் புதிய ஓலைத்தொப்பியுமாக என் எட்டு வயது மகள் யாழினி.

"அம்மா, இந்தக் கதிரையில இருக்கலாமா?" என்று கேட்டாள். இரு என்று நான் சொன்ன பிறகுதான் இருந்தாள்.

எதையும் அவள் கேட்டுவிட்டுத்தான் செய்வாள். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் பிறந்து வளர்ந்தவள். கீழே வாகனத் தரிப்பிடம். சுவரில் மூன்று மொழியிலும் 'இங்கு விளையாடக் கூடாது'. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. தன் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துப் பயந்து குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டவள். கண்ணாடியின் இலக்கம் ஏறிக்கொண்டே போக, கண் வைத்தியர் சொன்னார்: "வெளியில விடுங்கோ. தூரத்தைப் பார்க்கட்டும், வெயிலில ஓடட்டும். பசிக்கும், நித்திரை வரும், மற்றப் பிள்ளைகளோட சேரப் பழகும்." திங்கட்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு அவரையே திரும்பப் பார்க்கச் சனல் பண்ணி, இலக்கம் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் மூன்று நாள். ஒரு தடவையாவது இவள் என் முகத்தைப் பார்க்காமல் நாலு பிள்ளைகளோடு விளையாட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பஸ் கட்டணம் ஆளுக்கு அறுநூற்று ஐம்பது ரூபாய். வாத்துக்கு ரிக்கற் கேட்காதது நடத்துநரின் பெருந்தன்மை. நீர்கொழும்பு, மாரவில, சிலாபம் என்று வழி நெடுகத் தென்னந்தோப்பு. சிலாபத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. மீன் சந்தை வாசம் உள்ளே ஏறியதும் யாழினி கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தி, "மூக்கைப் பொத்தலாமா அம்மா?" என்றாள். பாலாவிச் சந்தியில் இடது பக்கம் திரும்பினால் கற்பிட்டி வரைக்கும் நாற்பது கிலோமீற்றர். அதில் பாதிக்குச் சற்று அப்பால் தலவில. நுரைச்சோலையைத் தாண்டியதும் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல் என்று நிலம் மெலிந்துவிடுகிறது. காற்றாலைகள் மட்டும் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன.

பத்தே முக்காலுக்குத் தலவில சந்தியில் இறங்கினோம். அங்கிருந்து மூன்று கிலோமீற்றரில் உள்ள மீனவக் கிராமம்தான் நாங்கள் போக வேண்டிய இடம். ஓட்டோவுக்கு நானூறு ரூபாய். ஓட்டுநர் கற்பிட்டிக்காரர், பெயர் றிஸ்வான். போகும் வழியில், பிள்ளைகள் விளையாட இங்கே நல்ல பூங்கா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஓட்டோவை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார்.

"பார்க்கா? புள்ளைக்கு வெளயாடவா?"

"ஓம். ஊஞ்சல், சறுக்குப்பலகை, அப்படி ஏதாவது."

"அக்கா, இங்க வெளயாடாம இரிக்கத்தான் எடம் தேடோணும்" என்றார். பிறகு என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ இடங்களைச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்குக் களப்புப் பக்கம் நல்லது, முழங்கால் அளவுதான் தண்ணீர். கடல் பக்கம் டிசம்பரில் அமைதி, ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் தலவிலக் கத்தோலிக்கக் கோயிலின் வளவு, அங்கே நிழல் மரங்கள். போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நான் சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் பிழையில்லை.

கிராமத்தில் எங்களை எதிர்பார்த்து நின்றது ஸ்டெல்லா. பதினைந்து வருடங்களுக்கு முன் கொழும்பு விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது கரைவலைக்காரர் அன்ரனின் மனைவி, ஒன்பது வயது ரொஷானியின் தாய். ஓட்டோவிலிருந்து இறங்கிய சாமான்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"என்னடி இது? புள்ளைய வெளயாடக் கூட்டி வாறன் எண்டாய். கடை போட வந்த மாதிரி இருக்கு."

அன்று பின்னேரம் களப்புக்குப் போனோம். ரொஷானியும் அவளுடைய கூட்டமும் உடுப்போடு தண்ணீரில் விழுந்தார்கள். யாழினி கரையில் நின்றாள். "அம்மா, சப்பாத்தைக் கழட்டலாமா? காலுறையும் கழட்டலாமா? மண்ணில காலை வைக்கலாமா?" மூன்று கேள்விக்கும் ஓம் சொல்லி முடிய, பொழுது சாயத் தொடங்கிவிட்டது. வாத்து பெரும் புகழ் பெற்றது. ஏழு பிள்ளைகள் அதன்மேல் ஏறினார்கள், அது உயிரை விட்டது. யாழினி ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வலை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து, எல்லோரும் தலவிலக் கோயில் வளவுக்குப் போனோம். திருவிழாக் காலத்தில் கால் வைக்க இடமில்லாத வளவு, அன்று பிள்ளைகளுக்கென்றே விரித்து வைத்ததுபோலக் கிடந்தது. மர நிழலில் கோடு கீறிக் கிளித்தட்டு தொடங்கினார்கள். யாழினியைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் போ என்று கண்ணைக் காட்டினேன். "போகலாம் எண்டு சொல்றீங்களா, போகச் சொல்லிச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அதற்குள் வேறொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எப்படி விளையாடுவது என்று காட்டுகிறேன் பார் என்று நானே கோட்டுக்குள் இறங்கினேன். இரண்டாம் தட்டிலேயே ரொஷானி என்னைத் தொட்டுவிட்டாள். மூன்றாம் ஆட்டத்தில் மூச்சு வாங்கி, மரவேரில் கால் தட்டி, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுப் பாயில் போய் இருந்துவிட்டேன். அவர்கள் நல்லவர்கள், ஒரு துண்டு பாணும் சம்பலும் தந்தார்கள். யாழினி என் தண்ணீர்ப் போத்தலைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று மாலை ஸ்டெல்லாவின் குசினியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பிள்ளையை நான்தான் இப்படி ஆக்கிவிட்டேனோ என்று கேட்டேன். ஸ்டெல்லா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "நீ கொஞ்சம் பேசாம இரு. அது போதும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. வலை வளைத்தாயிற்று. தோணி கடலுக்குள் போய், வலையை அரை வட்டமாக விட்டு வந்திருந்தது. அதன் இரண்டு கயிறுகளும் தூரத் தூரமாகக் கரையில் கிடந்தன. வழக்கமாகக் கயிறு இழுக்கும் ட்ரக்டர் பழுது. அதனால் கை தேவைப்பட்டது. கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் பங்கு உண்டு, சின்னப் பிள்ளைக்கும் ஒரு கை மீன் உண்டு, வலை கரையேறுமுன் விட்டுப் போனால் ஒன்றும் இல்லை: அந்தக் கரையின் சட்டம் இவ்வளவுதான். இதை அன்ரன் எனக்குச் சொன்னபோது, சுவாரசியமான வழக்கம் என்று தலையாட்டிவிட்டு, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்தேன். பதினொன்றேகாலுக்குச் சந்தியில் கொழும்பு பஸ்.

"யாழினி, வாங்க! எங்கட பக்கம் ஆள் காணாது" என்று கயிற்றின் கடைசியிலிருந்து ரொஷானி கத்தினாள்.

யாழினி வழக்கம்போல அனுமதி கேட்க என் பக்கம் திரும்பினாளாம். அந்த நேரம் பார்த்து நான் அங்கே இல்லை. கற்பிட்டிப் பக்கம் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளில் ஒன்று, சத்தமில்லாமல் பின்னால் வந்து, பையிலிருந்த ஓலைத்தொப்பியைக் கவ்விக்கொண்டு போனது. புதுத் தொப்பி. விடுவேனா? துரத்தினேன். அது ஓடவில்லை, நடந்தது. நான் ஓடினால் கொஞ்சம் வேகமாக நடந்தது, நின்றால் நின்று மென்றது. கரையில் பாதிப் பேர் இழுப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அக்கா, வலப் பக்கமா மறிங்க!" என்று அன்ரன் கடலைப் பார்க்கும் அதே கவனத்தோடு வழி சொன்னார். கடைசியில் தொப்பியின் விளிம்பு மட்டும் மிஞ்சியது.

அதைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தபோது, தோணி நிழலில் பிள்ளையைக் காணவில்லை. கரை நெடுகத் தேடினேன். பிறகுதான் கண்டேன். கயிற்றின் வாலில், வெறுங்காலோடு, ரொஷானிக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நடுவில் சாய்ந்து நின்று இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் உப்புத் தண்ணீர். எல்லோரும் 'ஏலேலோ' என்றபோது அவளும் 'ஏலேலோ' என்றாள். அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பத்தரை ஆயிற்று, பத்தே முக்கால் ஆயிற்று. இரண்டு கயிற்றுக் கூட்டமும் நெருங்கி வந்துகொண்டிருந்தன, வலை மட்டும் இன்னும் கடலில். ஓட்டோவோடு றிஸ்வான் வந்து நின்றார்.

"யாழினி, வாங்கோ, பஸ் போயிடும்!"

அவள் திரும்பவில்லை. "விடேலாது அம்மா. இப்ப விட்டா பங்கு இல்லை."

எட்டு வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் மறுப்பு. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதை முதலில் கவனிப்பது என்று தெரியவில்லை. இந்த பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குக் கண் வைத்தியரிடம் போய்ச் சேர முடியாது. அவர் கிடைக்க எத்தனை நாள் காத்திருந்தேன்! தொலைபேசியில் கேட்டபோது, இனி வருடம் பிறந்துதான் என்றார்கள். சரி, வருடம் பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். றிஸ்வான் ஓட்டோவை நிழலில் விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒரு கை கொடுக்கப் போய்விட்டார்.

நண்பகலுக்கு வலை கரையேறியது. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. சூடை மீன், கொஞ்சம் காரல், கையில் பட்டால் அரிக்கும் சொறிமீன் நிறைய, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. அன்ரன் மீனை மணலில் குவியல் குவியலாக வைத்தார். பிள்ளைகளுக்குச் சின்னக் குவியல்கள். யாழினி தன் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்து, காகம் வராமல் காவல் காத்தாள். மூக்கைப் பொத்தவில்லை.

விருந்தாளி என்ற உரிமையில், "எனக்கு?" என்று கேட்டேன்.

"அக்கா, நீங்க கைய வைக்கல்லயே" என்றார் அன்ரன். சிரித்துக்கொண்டு சொன்னாலும் குவியல் வைக்கவில்லை. மத்தியானம் மீன் கறி வயிறு நிறையக் கிடைத்தது, பங்கு கிடைக்கவில்லை.

இரண்டரை மணி பஸ்ஸில் ஏறும்போது நடத்துநர் மூக்கைச் சுளித்தார். "மீன் ஏத்தேலா நங்கி" என்று சிங்களத்தில் தங்கை முறை வைத்துச் சொன்னார். யாழினி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது நான் இழுத்தது மாமா. என்ர பங்கு." நடத்துநர் என்னைப் பார்த்தார், நான் யன்னல் வழியே காற்றாலையைப் பார்த்தேன். கடைசியில் பையைக் கடைசி இருக்கைக்குக் கீழே வைக்கச் சம்மதித்தார். பாலாவி வருமுன்பே யாழினி நித்திரை. நீர்கொழும்பில் எழுந்து, ஸ்டெல்லா கட்டித் தந்ததில் தன் சாப்பாட்டையும் என்னுடையதில் பாதியையும் சாப்பிட்டாள். மூன்று நாள் மணலில் கண் திருந்திவிடும் என்று சொல்ல நான் வைத்தியரில்லை. ஆனால் நித்திரைக்கும் பசிக்கும் நான் சாட்சி.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு, இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு எங்கள் தொடர்மாடிக்குத் திரும்பினேன். வாகனத் தரிப்பிடத்திலிருந்து 'ஏலேலோ' கேட்டது. 'இங்கு விளையாடக் கூடாது' பலகைக்கு நேர் கீழே, என் உடுப்புக் காயப்போடும் கயிற்றின் இரண்டு முனையையும் ஆறேழு பிள்ளைகள் பிடித்து இழுத்தார்கள். நடுவில் வலையாக வந்துகொண்டிருந்தது என் கட்டில் விரிப்பு. அதற்குள் எல்லா மாடிகளின் செருப்புகளும், காவலாளியின் குடையும். காவலாளி அவர்களைத் துரத்தவில்லை. குடையை இழந்த மனிதர் ஒரு முனையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்.

விரிப்பு சுவரோரம் வந்து சேர்ந்தது. யாழினி செருப்புகளைக் குவியல் குவியலாக வைத்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க கையை வைக்கல்லயே அம்மா."

பிறகு விரிப்பை உதறி மறுபடி வளைத்தார்கள். கயிற்றின் வாலில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. "பிடிக்கலாமா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், ஆனா இடையில விடேலாது" என்றாள். மரக்கறிப் பைகளைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்தேன்.