முழுகினோம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கடிதம் எழுதிக் கொடுக்கிறவளுக்கு அது கூடாது என்று கடைக்கார அண்ணை சொல்லிக்கொண்டே இருப்பார். பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் அவருடைய நகைக்கடையின் பின்னறையில் மேசை போட்டு, லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்கு வருகிற சனத்துக்குப் பிரெஞ்சுப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். அன்றைக்கு அந்தக் கோபம் முழுக்க என்மேலேயே திரும்பியது.

பாண்டிச்சேரிப் பெரியவர் ஒருவர் அரசாங்கத்தின் மறுப்புக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தார். இளவயதில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலின் குசினியில் சமையல் வேலை செய்தவர். பசிபிக் கடலில் ஐதரசன் குண்டை வெடித்துப் பார்த்தபோது அந்தக் கப்பல் அங்கே நின்றது. இப்போது தொண்டையில் புற்றுநோய். அது அந்தக் குண்டால்தான் வந்தது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அடுத்த மாதம் ஒப்பரேஷன். "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் காயிதத்தக் கண்ணால பாத்துடணும்மா" என்பார். கை நடுங்கும், கண்ணில் புரை. அதனால் அவர் சொல்லச் சொல்ல விண்ணப்பத்தை நான்தான் எழுதியிருந்தேன்.

கடிதத்தை வாசித்துச் சொன்னேன். வெடிப்புக்குப் பிறகு குளித்துக் கழுவிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறாராம், ஆகவே பாதிப்பு ஏற்பட்டதாகக் கொள்ள முடியாதாம்.

"யாரும்மா குளிச்சாங்க? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள், எல்லாரும் முழுகினோம் எண்டு."

"ஆமா, முழுகினோம். கடல்ல!"

அவருக்கு முழுகுவதென்றால் தண்ணீருக்குள் மூழ்குவது.

எங்கள் யாழ்ப்பாணத்தில் முழுகுவதென்றால் தலைக்குத் தண்ணீர் வார்த்துக் குளிப்பது. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகாமல் உள்ளே வர விடமாட்டார்கள். அவ்வளவு பெரிய குண்டு வெடித்த பிறகு கப்பலில் நிற்கவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்கள் என்று நானே நினைத்து, நானே எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பெரிய கெட்டிக்காரி! ஒரு தரம் திருப்பிக் கேட்டிருந்தால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்தா போயிருக்கும்?

"ஐயா, பிழை என்ரை. நான் மாறி எழுதிப்போட்டன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடிதத்தை என் பக்கம் தள்ளிவைத்தார். திருத்தம் அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது.

"சரி, இப்ப ஒழுங்கா எழுதுங்க. முதுகக் காட்டி உக்காரச் சொன்னாங்க. கண்ண மூடிக் கையால பொத்திக்கிட்டேன். மூடின கண்ணுக்குள்ள என் வெரல் எலும்பு தெரிஞ்சுச்சும்மா. முதுகுக்குப் பின்னால அடுப்பத் தொறந்து வெச்ச மாதிரி சூடு. நாலஞ்சு நாள் கழிச்சுத் தீவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தென்னையெல்லாம் ஒரு பக்கம் கருகிக் கெடந்துச்சு. மீனுங்க வயித்தக் காட்டி மெதந்துச்சு. வெக்கை தாங்கல. யாரும் வேணாம்னு சொல்லல. மீன ஒதுக்கிட்டுக் குதிச்சோம். தல முங்க முழுகினோம். வாயெல்லாம் அந்தத் தண்ணிதான்."

எழுதி முடித்து, அவர் முன்னாலேயே, கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். திருத்தம் அனுப்பலாம். ஆனால் முதலில் வேறு மாதிரி எழுதியதால், அன்று கூடவே தண்ணீரில் இறங்கிய ஒருவராவது சாட்சி எழுதித் தர வேண்டும் என்றாள். இதுவும் என்னால் வந்த வினை. அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ஐயா, உங்களோடை கடலுக்கை குதிச்ச ஆக்கள் ஆரும் எழுதித் தருவினமோ?"

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "காரைக்கால்காரன், தொண்டை. பிரெத்தான்காரன், ரத்தம். மார்செய் பசங்க ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் தொண்டைதான். எங்க சமையல் ஷெஃப், அவனுக்கும்." கை முழுதாக மூடிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முழுகினதுல நான் ஒருத்தன்தாம்மா பாக்கி."

படிவத்தில் சாட்சிகள் என்றிருந்த இடத்தில் அதை அப்படியே எழுதினேன்.