கொடுத்து எடுத்த வருஷம்

என் சித்தப்பா வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒருநாள்கூட வந்து சேர்ந்ததில்லை. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் தடத்தின் குறுக்கே, கோழிப்பண்ணைக்குப் போகும் தண்ணீர்க் குழாயைப் புதைத்து மண்ணை மேடாக அணைத்திருந்தார்கள். அந்த மேட்டில் ஏறினால் காரின் வயிறு தட்டிவிடும். அதனால் அது ரோட்டோரத்தில், தீவன மூட்டை அடுக்கும் கொட்டகையில், கோழி இறகும் தவிட்டுத் தூசியும் மேலே படிய நின்றுகொண்டிருக்கும். மஞ்சள் நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. ஊரில் அதற்குத் தவளை என்று பெயர்.

சித்தப்பாவுக்கு போர்வெல் தொழில். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பலரையும் போல ரிக் வண்டியை ஓட்டிக்கொண்டு சத்தீஸ்கர் வரை போய், யார் யாருடைய நிலத்திலோ தண்ணீர் தேடிவிட்டு, மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது ஊருக்கு வருவார். கோயமுத்தூரில் ஒரு பணக்காரப் பையன் ஓட்டிச் சலித்த காரை ஆசைப்பட்டு வாங்கினார். ஆசைப்பட்டாரே ஒழிய, அதை ஓட்டுவதற்கு ரோடு வேண்டும் என்று யோசிக்கவில்லை. ராசிபுரம் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கி நடக்க வேண்டும். பாரம் குறைந்தால்தான் வண்டி தாண்டும். பெரும்பாலும் அப்படி இறங்கி நடந்தவள் நான்தான். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன பெரிய பாரம் இருந்துவிடப் போகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அந்தக் காரை உண்மையில் நன்றாக ஓட்டியவள் என் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பின்னால் பல வருஷம் கழித்துப் பிறந்த கடைக்குட்டி. சேலத்தில் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். பெங்களூரில் வேலை கிடைத்து, தை மாதம் கழித்துச் சேரச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாதான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏரிக்கரை ரோட்டில் அவள் ஓட்டிப்போகும்போது அப்பா எதிரில் வந்தால், தவளையைப் பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அப்பாவின் அனுமதி அந்த மட்டில் இருந்தது.

சித்தப்பாவுக்கு வயசு முப்பத்தைந்தைத் தாண்டி, முன் தலையும் வெளுத்துவிட்டது. பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் அது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பெண் குழந்தை என்றால் வேண்டாம், ஒரு பையன் போதும் என்று கணக்காக நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. அந்தப் பையன்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மாப்பிள்ளை ஆனார்கள். விதைக்காமல் அறுக்கப் போனால் என்ன கிடைக்கும்? ஆனால் தப்பு எங்கே என்று தேடிய எங்கள் வீட்டார், அதைக் கார் மேல் கொண்டுபோய் வைத்தார்கள்.

பெண் வீட்டார் தோட்டத்தைப் பார்த்து, பண்ணையைப் பார்த்து, ரிக்கைப் பற்றிக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, போகிற வழியில் கொட்டகையில் நிற்கும் தவளையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்றார் தரகர். இரண்டு சீட்டு வண்டி வைத்திருப்பவன் குடும்பம் நடத்துவானா, அதுவும் இவ்வளவு பழசு என்று கேட்கிறார்களாம். மாற்றிவிடலாம் என்று சித்தப்பா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாலும் ஆசை விடவில்லை. அதே கம்பெனியின் புது மாடல் ஒன்றுக்கு நான்கு சீட்டு இருந்தது. அடிவயிறும் கொஞ்சம் உயரம். பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தருவதாகக் கோயமுத்தூர் ஷோரூமில் சொன்னார்கள். எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் சோறு தண்ணிபோலப் புழங்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் தரகர் எடப்பாடியிலிருந்து ஒரு சங்கதி கொண்டுவந்தார். அவரும் அப்பாவும் முட்டை அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அட்டையில் முட்டை அடுக்குகிற சாக்கில் உள்ளே இருந்தேன்.

"இப்பக் குடுத்துப் போட்டம்னா மருவாதியா இருக்குமுங்க. இன்னம் ரெண்டு வருசம் ஊட்லயே வெச்சிருந்தா, அப்பறம் கேக்கறதுக்கு ஆளிருக்காதுங்க," என்றார் தரகர்.

"குடுத்தாத்தானுங்க எடுக்க முடியும். ஆனா அதுக்கு வேலைக்குப் போவோணும்னு நெனப்பு," என்றார் அப்பா.

"எடப்பாடி போய்ச் சேந்துட்டா அதெல்லாஞ் செரியாப் போயிருமுங்க."

எங்கள் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளையை அது என்றுதான் சொல்வார்கள். அது தூங்குது, அது இன்னும் சாப்பிடலை என்பார்கள். பாசமாகச் சொல்கிற அதுதான். ஆனால் காரும் அது, ஆடும் அது, பண்ணைக் கோழியும் அது. நான் கேட்ட அது கார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கார் எதற்கு வேலைக்குப் போக நினைக்கிறது என்பது மட்டும் புரியவில்லை. சித்தப்பா அதை வாடகைக்கு விடப் பார்க்கிறார்போல என்று நானே ஒரு பதிலையும் தேடிக்கொண்டேன்.

அத்தை கொட்டகையில் தவளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய், அதைக் கொடுக்கப் போகிறார்கள் என்றேன். தெரியும் சாமி, கோயமுத்தூருக்குத்தானே என்று துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோயமுத்தூருக்கு இல்ல அத்தை. எடப்பாடிக்கு."

எடப்பாடியில் இதை யார் வாங்குகிறார்கள் என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் துணியைக் கீழே போட்டாள். வேறு என்ன சொன்னார்கள், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது. அத்தை கார்க் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். என்னையும் கூப்பிடுவாள் என்று வெகுநேரம் வெளியே நின்றேன்.

பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று அதற்குப் பெயர். எடப்பாடியில் தறிப்பட்டறை வைத்திருந்த குடும்பம். ஒரு மகன், ஒரு மகள். மகளைச் சித்தப்பாவுக்குத் தருவார்கள். பதிலுக்கு எங்கள் அத்தை அந்த மகனுக்குப் போக வேண்டும். அவனும் நாற்பதை நெருங்கியவன். அத்தை பட்டினி கிடந்தாள், அழுதாள், பெங்களூர்க் கடிதத்தை அப்பாவின் முன்னால் வைத்தாள். படித்த பிள்ளையை இப்படியா செய்வது என்று அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். உன் தங்கச்சி ஒருத்தியைக் கொண்டுவா, நான் இதை விட்டுவிடுகிறேன் என்றார் அப்பா. அம்மாவுக்குத் தங்கச்சி கிடையாது. அது தெரிந்துதான் கேட்டார்.

கார் மாற்றக் கோயமுத்தூருக்கு எல்லோரும் போனோம். தவளையில் சித்தப்பாவும் நானும், பின்னால் வாடகை வண்டியில் மற்றவர்கள். ஷோரூம் ஆள் ஒருவன் டார்ச் லைட்டோடு காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். பெயின்ட்டின் மேல் ஒரு கருவியை வைத்துப் பார்த்தான். எங்காவது இடித்ததா, வெள்ளத்தில் நின்றதா என்றெல்லாம் சித்தப்பாவைக் குடைந்தான். அப்பாவும் சளைத்தவர் இல்லை. புது வண்டிக்கு அடியில் அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு படுத்தார். தவளையை உள்ளே ஓட்டிக்கொண்டு போனபோது நான் தரையில் புரண்டு அழுதேன். அப்பா ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார், சித்தப்பா தூக்கி வைத்துக்கொண்டார், முன்பின் தெரியாத ஷோரூம் பெண் ஒருத்தி பலூன் கொடுத்தாள். ஒரு காருக்காக அழுத எனக்கு அத்தனை பேர் ஆறுதல் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அத்தையிடம் போய், "எனக்கோசரம் ஒத்துக்க சாமி," என்றார்.

"கார மாத்தறதுக்கு அடியில படுத்துப் பாத்தீங்களேண்ணா. அந்த மாப்பளையப் பத்தி ஒருத்தருகிட்டயாவது விசாரிச்சீங்களா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் தலையைக் குனிந்துகொண்டு தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வதை அதற்கப்புறம் நிறையப் பார்த்துவிட்டேன்.

தையில் ஒரே மண்டபத்தில், ஒரே காலையில், அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். செலவு பாதியாயிற்று என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பூ சுற்றிய புதுக் காரில் சித்தப்பாவும் புதுச் சித்தியும் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து இறங்கினார்கள். குழாய் மேடு அதை ஒன்றும் செய்யவில்லை. அத்தை மாப்பிள்ளை வீட்டு வேனில் எடப்பாடிக்குப் போனாள்.

சித்தி சாது. யாரோடும் அதிர்ந்து பேச மாட்டாள். எனக்குத் தலை பின்னிவிடுவாள். ஆடி பிறப்பதற்குள் அவள் மாசமாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆடியில் ஒரு மத்தியானம் அத்தை பஸ்ஸிலிருந்து ஒற்றைப் பையோடு இறங்கி நடந்து வந்தாள். ஆடி அழைப்புக்கு எங்கள் வீட்டார் போகவே இல்லை, அவளாகவே வந்தாள். ஒரு பக்கக் கன்னம் கன்றிப்போய், உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. தறியில் இடித்துக்கொண்டாள் என்று அம்மா எனக்குச் சொன்னாள். நான் நம்பினேன். தறி என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன்.

அடுத்த நாளே எடப்பாடியிலிருந்து போன் வந்தது. உங்கள் பெண் உங்கள் வீட்டில் என்றால் எங்கள் பெண் எங்கள் வீட்டில். அவ்வளவுதான் சொன்னார்கள். அந்தச் சம்பந்தத்தின் சட்டமே அதுதான். கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சித்தி தன் சூட்கேஸில் துணியை அடுக்கிக் கூடத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை அடுக்கச் சொல்லவில்லை. அவள் வீட்டாரை அவளுக்குத் தெரியும். சித்தப்பா பண்ணைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அப்பா அத்தையின் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் குரல் அன்றைக்குத் தாழ்ந்து இருந்தது.

"நீ இங்கிருந்தா ரெண்டு குடும்பமும் கெட்டுருஞ் சாமி. நீ போனீன்னா ரெண்டும் பொழைக்கும்."

ரெண்டும் பிழைக்கும் என்றாரே, அந்த ரெண்டில் அத்தை எங்கே இருந்தாள்? அத்தை அப்பாவைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்த்தாள். அவள் வயிற்றைப் பார்த்தாள். எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

புதுக் காரில் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. எனக்கு ஒரே குதூகலம். அந்தக் காரில் அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. சித்தப்பா ஓட்ட உட்கார்ந்தார், நான் அத்தையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். உள்ளே ஒரு இடம் காலியாக இருந்தது. சித்தியும் வந்தால் அவள் அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வரலாமே, ஏன் யாரும் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கார்க் கதவைச் சாத்தினாள்.

வண்டி நகர்ந்தபோது சித்தி வாசலுக்கு ஓடி வந்தாள். அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். தன்னைவிட வயசில் சின்னவளை, கோயிலில் கும்பிடுவதுபோலத் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். எடப்பாடியில் விருந்தாளிகளை இப்படித்தான் வழியனுப்புவார்கள்போல என்று நினைத்து, நானும் கண்ணாடி வழியாக அவளுக்குச் சிரித்துக்கொண்டே ஒரு கும்பிடு போட்டேன்.