மார்ச்லி பிரபுவின் மூத்த பிள்ளை

சாப்பாட்டு மேசைக்கு அடியில் நெவில் லாரிமரின் கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. வேறொன்றும் நடந்துவிடவில்லை. அவர் மனைவி கிளெனிஸ் இறைச்சிச் சாற்றுக் கிண்ணத்தைக் கொஞ்சம் வேகமாகச் சாய்த்துவிட்டாள். "பிரேக்க விடுங்க. இது உருளைக்கிழங்கு, யார் மேலயும் மோதாது" என்கிறாள் அவள். நெவில் காலைத் தளர்த்துகிறார். பேத்தி தண்ணீர்க் குவளையை நோக்கிக் கையை நீட்டியதும் கால் மறுபடி தரைக்குப் போகிறது.

வேல்ஸ் எல்லையோரத்து இங்கிலாந்து ஊரான ஆஸ்வெஸ்ட்ரியில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். கற்பவரின் இடப்பக்கத்தில், தனக்கென்று ஒரு பிரேக் வைத்த சின்ன நீலக் காரில்தான் அவர் ஆயுளில் பெரும்பகுதி ஓடியிருக்கிறது. சொந்த வேலையாகப் புறப்பட்டாலும் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, ஸ்டியரிங் எங்கே போயிற்று என்று ஒரு கணம் தேடுவார். பெருத்த உடம்பு. முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. வாயில் எந்நேரமும் ஒரு புதினா மிட்டாய். அது வாய் ருசிக்காக அல்ல. "பயந்தவன் பக்கத்துல உக்காந்திருக்கோம். நாம விடுற மூச்சத்தான் அவன் இழுக்கிறான். அது நல்லா இருக்க வேணாமா?" என்பார்.

மாணவர்களைத் திட்ட மாட்டார். வண்டி நடுச்சாலையில் நின்றுபோய்ப் பின்னால் பத்து ஹாரன்கள் அலறினாலும், "நமக்குத்தான் வாழ்த்து சொல்றாங்க. கிளட்ச்ச மெதுவா விடும்மா" என்பார். தன் முறை வருமுன் சந்தியில் குறுக்கே புகுந்து போகிறவனிடம் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. கண்ணாடியை இறக்கி, "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்துவார். பிறகு மாணவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு மிட்டாய் கொடுப்பார்.

அவருடைய அப்பன் வீட்டிலிருந்து அவருக்கு வந்தவை ஒரு கரி வண்டியும் ஒரு கிண்டலும். தந்தை பெர்சி வீடு வீடாக நிலக்கரி போட்டவர். மூட்டையை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்தும்போதெல்லாம், "நாமளும் லார்டுதான்டா, கரிக்கொட்டாய்க்கு லார்டு" என்று சிரிப்பார். ஊருக்கு மேற்கே இருந்த மார்ச்லி மாளிகையின் பிரபுக்களும் லாரிமர்கள்தான் என்பதை வைத்து வந்த கிண்டல் அது.

அந்தப் பிரபுக்களின் கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். போரில் தோற்று ஓடிவந்த அரசனுக்கு மாற்றுக் குதிரை கொடுத்தவர் முதல் பிரபு. அரசன் திரும்பி வந்து முடிசூடியதும் குதிரைக்குக் கூலியாகப் பட்டம் கிடைத்தது. குதிரை பாதிரியார் லாயத்திலிருந்து திருடியது என்பது ஊர்க்காரர்களின் பிற்சேர்க்கை. நான்காமவர் காட்டை வெட்டி விற்று ஏரி தோண்டினார், அந்த ஏரியிலேயே மூழ்கிச் செத்தார். ஐந்தாமவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, ஆனால் அவருடைய மூக்கு ஊர் முழுக்கத் தெருவில் விளையாடியது. அந்த மூக்குகளில் ஒன்றுக்கும் பட்டம் போகவில்லை, தம்பிக்குப் போனது. தம்பியின் இளைய மகன் பால் கறக்கும் பெண்ணை மணந்துகொண்டதால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டான். அவன்தான் நெவிலின் கொள்ளுத்தாத்தா.

கடைசிப் பிரபு, தனிக்கட்டைக் கிழவர், இந்தக் குளிர்காலத்தில் முதியோர் இல்லமொன்றில் இறந்துபோனார். வாரப் பத்திரிகையில் செய்தியைப் படித்த நெவில், "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கால்பந்துப் பக்கத்துக்குப் போய்விட்டார். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்தக் குடும்பத்தின் வக்கீல் ஹாரியட் ஃபென்னிமோர் அம்மையார் வந்து கதவைத் தட்டினார்.

வீடு நிறைந்திருந்த நேரம். மூத்தவன் கிரேக் தன் மகள் பெத்தனோடு வந்திருந்தான். அப்பாவின் ஓட்டுநர் பள்ளியில் இரண்டாவது காரை நடத்துபவன் அவன். அவரைப் போலவே பருத்தவன், அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பவன். இளையவன் ஆட்ரியன் பிரிஸ்டலிலிருந்து வந்திருந்தான். அங்கே வீடுகள் விற்றுக்கொடுக்கும் வேலை அவனுக்கு.

"மிஸ்டர் லாரிமர், கொஞ்சம் உக்காருங்க" என்றார் வக்கீல், அவர் வீட்டிலேயே அவரிடம். பிறகு விஷயத்தைச் சொன்னார். நடுவில் இருந்த கிளைகளெல்லாம் பட்டுப்போய்விட்டன. போரில் இருவர், காய்ச்சலில் ஒருவர், கனடாவில் பெண்களை மட்டும் பெற்ற ஒருவர். மிஞ்சியிருப்பது கரிக்காரர் பெர்சியின் மகன்தான். "பதினோராவது மார்ச்லி பிரபு நீங்கதான்."

கிளெனிஸின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. முதலில் வெடித்துச் சிரித்தவன் கிரேக். "ஐயோ அப்பா! இனிமே ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட மண்டி போட்டு உத்தரவு கேக்கணுமா?"

"மாளிகை?" என்று கேட்டான் ஆட்ரியன்.

"அது ஹோட்டலாகிப் பல வருஷமாச்சு. நிலமும் இல்ல. வர்றது பேரு மட்டும்தான்."

"அப்ப நான் லேடி மார்ச்லியா? இந்த ஏப்ரனோடயா?" என்றாள் கிளெனிஸ். நெவில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கைகளோ வந்து ஒட்டிக்கொண்டதுபோல.

"அப்போ அடுத்த லார்டு நான்! பெரியவனாச்சே!" என்று கிரேக் எழுந்து, சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினான். விருந்தாளி யார் வந்தாலும் அவன் சொல்லும் கதை அது. வேல்ஸ்காரியான கிளெனிஸை ஓர் இங்கிலாந்துக் கரிக்காரன் மகனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவளுடைய தந்தை பிடிவாதமாக நின்றார். இருவரும் மீன் வறுவல் கடை மாடியில் ஓர் அறை பிடித்துக் குடித்தனம் நடத்தினார்கள். பேரன் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் கிழவர் இறங்கிவந்தார். கல்யாணப் படத்தில் மணமக்களுக்கு நடுவே, ஒரு காலில் மட்டும் செருப்போடு, பூச்செண்டைக் கடித்தபடி நிற்கிறான் கிரேக். "பெத்தவங்க கல்யாணத்துக்கு நேர்ல போன பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்க மேடம்?"

கிளெனிஸ் கொடுத்த தட்டில் சாப்பிடத் தொடங்கியிருந்த வக்கீல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப... நீங்க கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்துட்டீங்களா?"

"அதானே கதையே!"

அந்தப் பெண்மணியின் முகம் மாறியதை நெவில் கவனித்தார். பயங்கரமான ஒன்றைச் சாலையில் வேறெவரும் காணுமுன் கண்டு பழகிய கண்கள் அவருடையவை. ஆனால் அன்று கால் அசையவில்லை.

"மன்னிச்சிடுங்க. பட்டம் சட்டப்படியான கல்யாணத்துல பொறந்த ஆண் வாரிசுக்குத்தான் போகும். பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டா மத்த எல்லாத்துக்கும் செல்லும். வீடு, பணம், உரிமை, எல்லாத்துலயும் கிரேக் உங்க மூத்த மகன்தான். பட்டத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "வாரிசு ஆட்ரியன்."

கிளெனிஸ் எழுந்து நின்றாள். "உங்க பால்காரப் பொண்ணு என்ன பண்ணினா? அவளும் வயித்தத் தள்ளிக்கிட்டுத்தானே சர்ச்சுக்குப் போனா? ஊரே சொல்லுமே!"

"ஆமாம். கல்யாணமாகி நாலு மாசத்துல பிள்ளை பொறந்துச்சு. அது செல்லும்."

"நாலு மாசம் பின்னாடி பொறந்தா பிள்ளை, முன்னாடி பொறந்தா நாய்க்குட்டியா? என் பிள்ளைங்க ரெண்டும் இந்த ஒரே வயித்துல இருந்து வந்ததும்மா!" அவள் தன் ஏப்ரனில் அடித்துக்கொண்டாள். சின்னப் பெண் பெத்தன் அழத் தொடங்கினாள்.

கிரேக் சிரித்தபடியேதான் நின்றிருந்தான். அந்தச் சிரிப்பை எங்கே இறக்கிவைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. "சரி விடுங்கம்மா. ஹோட்டலாப் போன மாளிகைதானே" என்றான். நெவில் அவனைப் பார்க்க முடியாமல் இளையவன் பக்கம் திரும்பினார். "அப்போ... நானா?" என்றான் ஆட்ரியன். சொல்லும்போதே அவன் கை தானாக மேலே போய்த் தலைமுடியை ஒதுக்கிச் சரிசெய்தது. ஒரு நொடிதான். சட்டம் சொன்னதைக் கேட்டபோதுகூட நெவிலுக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

அந்த வாரமே நெவில் ஷ்ரூஸ்பரியிலிருந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். "எனக்கு வேணாம். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

"துறக்கலாம். ஆனா அது உங்க ஆயுசுக்கு மட்டும்தான். நீங்க கண்ண மூடின நிமிஷம் ஆட்ரியனுக்குப் போயிடும்."

"கிரேக்குக்கு?"

"எந்த வழியிலயும் போகாது."

"வேணாம்னு தூக்கிப் போட்டாலும் விழாதுங்கிறீங்களா?" நெவில் வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். அவர் அப்படிச் செய்து யாரும் கண்டதில்லை. "என் வீட்ல பொறந்த பிள்ளையப் பொறக்கலன்னு சொல்ல அந்த ஆளுக்கு என்ன துணிச்சல்?"

"எந்த ஆளுக்கு?"

"அந்தக் குதிரைத் திருடனுக்கு!"

கையெழுத்துப் போடாமலே திரும்பி வந்தார். ஊரோ அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. இறைச்சிக் கடைக்காரர் தொப்பியைத் தூக்கினார். பலமுறை தேர்வில் தோற்ற தபால்காரப் பெண் ஒருத்தி ரவுண்டானாவில் வண்டியை நிறுத்திவிட்டு, "சாரி, மை லார்ட்" என்றாள். "நெவில்னே கூப்பிடும்மா. லார்டு பக்கத்துல இருந்தா கிளட்ச் இன்னும் இறுகும்" என்றார். அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவனையும் சின்னவனையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டிய வீடு. அதற்குள் யாரோ முந்நூறு வருடத்துக்கு முன்பே புகுந்து கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

ஒருநாள் மாலை பாடம் முடிந்து வந்தவர், கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் வெறும் ஆணி. கல்யாணப் படத்தைக் காணோம்.

"கிரேக் வந்திருந்தான்" என்றாள் கிளெனிஸ். "அவனேதான் கழட்டி மேசை டிராயர்ல கவுத்து வெச்சான். 'சும்மா தொங்கிக்கிட்டிருக்கு, தூசி படியுதும்மா'ன்னான்."

நெவில் படத்தை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு ஆட்ரியனுக்குத் தொலைபேசினார். திட்டத்தான் எடுத்தார், ஆனால் "உங்கண்ணன் கல்யாணப் படத்தக் கழட்டி வெச்சுட்டான்டா" என்று மட்டும் சொன்னார்.

"நான் கேக்கலையேப்பா. நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றான் அவன். அதுவும் உண்மைதான்.

வசந்தத்தின் முடிவில் மார்ச்லி தேவாலயத்தில் கடைசிப் பிரபுவுக்கு நினைவு ஆராதனை நடந்தது. பாதிரியார் பமீலா அம்மையார் வாசலிலேயே நின்று வரவேற்றார். உள்ளே இடமில்லாமல் கூட்டம். புதுப் பிரபுவைப் பார்க்க வந்த கூட்டம். முன்வரிசைக்கும் முன்னால், மரத்தடுப்பு அடைத்து, இடுப்பளவு ஓக் கதவு போட்ட தனி இருக்கை இருந்தது. கதவில் பட்டத்தின் சின்னம் செதுக்கியிருந்தது, காலைத் தூக்கி நிற்கும் குதிரை. பக்கத்தில் சலவைக்கல் சிலையாக முதல் பிரபு ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"பிரபுவும் லேடியும் வாரிசும் இங்க உக்காருவாங்க, அதுதான் வழக்கம்" என்று பமீலா கதவைத் திறந்து பிடித்தார். அவர் சொல்லில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. புதுக் கோட்டுப் போட்டிருந்த ஆட்ரியன் உள்ளே போனான். கிளெனிஸ் போகவில்லை.

கிரேக் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டான். "நீங்க போங்கப்பா. நான் கடைசில உக்காந்துக்கறேன். பாப்பாவுக்குப் பாத்ரூம் போகக் கிட்ட இருக்கும்" என்று முறுவலித்தான். முன்வரிசைகளில் தலைகள் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாகத் தாழ்ந்தன.

நெவில் பமீலாவின் கையிலிருந்து கதவை வாங்கினார். அது கீலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். கம்பளிச் சட்டையின் கைகளைச் சுருட்டி, கரி மூட்டை தூக்கும் தகப்பனைப் போல முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் அடியைப் பிடித்து மேலே தூக்கினார். துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது. ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர் விரலை எடுத்துவிட்டார். கூட்டத்தில் யாரோ "கடவுளே" என்றது எல்லோருக்கும் கேட்டது. நெவில் முகம் சிவக்க, அந்தக் கனத்த கதவைக் கழற்றிச் சுமந்துபோய், முதல் பிரபுவின் சலவைக்கல் முழங்காலில் சாய்த்துவைத்தார்.