நலம் விசாரிக்கப் போய்…

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை ஆய்வாளராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது.

அப்போதுதான் பயிற்சி முடிந்திருந்தது. சர்வதேசத் தொழிலாளர் நெறிமுறைகள் பற்றி ஒரு முழு நாள் வகுப்பு. யார் புகார் கொடுத்தார்கள் என்பதை மட்டுமல்ல, புகார் வந்ததால்தான் வந்திருக்கிறோம் என்பதையே ஆய்வாளர் வெளியில் காட்டக் கூடாது என்று அதில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்று பக்கத்தில் இருந்த தோழியிடம் கிண்டலடித்தேன்.

ஒருநாள் மத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தோளில் காய்ச்சலோடு துவண்டு கிடந்தாள் மகள். போச்சம்பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில், பிரஸ் மெஷினில் அவருக்குக் கான்ட்ராக்ட் வேலை. அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கித் தகட்டை அழுத்தும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று, ஒரு பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும்படி டேப் சுற்றிவிட்டிருந்தார்கள்.

"போன வாரம் பக்கத்து மெஷின்ல ஒரு புள்ளைக்கு வெரலு போயிருக்கும் மேடம், மயிரிழையில தப்பிச்சுது. நாஞ் சொன்னேன்னு மட்டும் தெரியக் கூடாது. வூட்டுக்குப் பக்கத்துல கெடச்ச வேலை. இது போச்சுன்னா பொண்ண வுட்டுட்டு ஓசூருக்குத்தான் போவணும்" என்றார்.

"கவலைப்படாதீங்கக்கா" என்றேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, எந்த டாக்டரிடம் காட்டலாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்குப் போனேன். எல்லாவற்றையும் வகுப்பில் சொன்னது போலவே செய்தேன். வழக்கமான ஆய்வு என்றேன். கேன்டீன், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி என்று சுற்றி முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் பிரஸ் பகுதிக்குள் நுழைந்தேன். மேனேஜர் கூடவே வந்தார். வரிசையாக எல்லா மெஷினிலும் டேப். அத்தனையையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டேன். மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

கிளம்பத் திரும்பினால், கடைசி மெஷின் பக்கத்தில் அந்த அக்கா. முன்பின் தெரியாதவர் மாதிரிக் குனிந்துகொண்டார். தெரிந்தவர்களைக் கண்டால் ஒரு வார்த்தை விசாரிக்காமல் நகர்ந்து பழக்கமில்லை எனக்கு. அதுவும் காய்ச்சலில் கிடந்த குழந்தை. யோசிக்கவே இல்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அக்காவைப் பார்த்தார். செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. மற்ற பெண்களிடமும் "சாப்டீங்களா, எந்த ஊரு, எத்தனை புள்ளைங்க" என்று கேட்டுச் சமாளிக்கப் பார்த்தேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்ததுதான் மிச்சம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் அல்ல.

அந்த வாரமே அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. "கம்பெனி பஸ்ஸுல என்னைய ஏத்த மாட்டேங்கறாங்க மேடம். கான்ட்ராக்டரு வேணாம்னுட்டாராம்" என்றார்.

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்றுகூட ஞாபகமில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வுடுங்க மேடம். எம் பொண்ணு மேல இருக்கற அக்கறையிலதான கேட்டீங்க? அவளுக்கு அன்னிக்கே வுட்டுடுச்சு" என்றார்.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஆர்டர் இல்லை, ஆளைக் குறைத்தோம் என்று சாதித்தார். மேலதிகாரியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவரும் பேசிப் பார்த்தார். பழிவாங்கத்தான் நிறுத்தினார்கள் என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் அந்த அக்கா மகளைக் கல்லாவியில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, ஓசூரில் ஒரு கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் ஆய்வுக்குப் போனால், தெரிந்த முகத்தைக்கூடத் தெரியாத மாதிரி தாண்டிப் போகிறேன். தலைக்கனம் பிடித்த மேடம் என்று பேர் வாங்கியிருக்கிறேன். வாங்கிவிட்டுப் போகிறேன். அந்தக் கம்பெனியில் இன்று பெண்கள் இரண்டு கையாலும் பட்டனை அமுக்கி, விரல்களுக்குப் பயமில்லாமல் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்காக வந்து பேசிய ஒருவர் மட்டும், நான் பாசமாகக் கேட்ட ஒரு கேள்வியால், பெற்ற மகளைப் போனில் வளர்த்துக்கொண்டிருக்கிறார்.