இருபது வருஷம் உழைக்கும் செட்டு

உக்கிரபாண்டி என்று பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப்பேர் முழிப்பார்கள். மைக்செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். சோழவந்தான் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, அவர் ஸ்பீக்கர் குழாய்தான் கட்டவேண்டும். பங்குனி மாரியம்மன் திருவிழா பத்து நாளும் அவர் செட்டுதான். அவருடைய பிழைப்பு, பெயர் எல்லாம் அந்தப் பத்து நாள்.

வைத்திருந்தது வால்வு ஆம்ப்ளிபயர். சூடேறிப் பாடக் கொஞ்சம் மெனக்கெடும். வால்வு போனால் வேறு வால்வு, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

எழுபத்தெட்டில் அவர் தங்கை முத்துத்தாயின் புருஷன் வெள்ளைத்துரை வந்தார். செல்லூரில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர். செட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“மச்சான், இது ஒரு வருஷம் தாங்காது. பம்பாய்ல இருந்து டிரான்சிஸ்டர் செட்டு வருது. வெல கூடத்தான். ஆனா இருவது வருஷத்துக்குத் திருப்புளியத் தொட வேணாம்.”

“மாப்ள சொன்னாச் சரிதான்” என்றார் இவர். பெண் கொடுத்த வீட்டுப் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மடத்தனம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. அப்பன் வழி வயலை ஒத்திக்கு வைத்துப் புதுசு வாங்கினார். பழையதைக் காயலான்கடை விலைக்கு மாப்பிள்ளையே தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் வருஷத் திருவிழாவில் கரண்டு ஏறி இறங்கியதில் புதுச் செட்டு புகைந்து போனது. மறுநாள் டவுனுக்குப் போய், டவுன்ஹால் ரோட்டு ரேடியோக் கடைகளில் கடைகடையாக ஏறினார். எரிந்ததற்கு மாற்றுச் சாமான் யாரிடமும் இல்லை.

“கிராமத்துக் கரண்டுக்கு இது தாங்காதுண்ணே. மெக்கானிக் எவனும் சொல்லலையா?” என்றார் ஒரு கடைக்காரர்.

ஊர் திரும்பினால் குழாய் பாடிக்கொண்டிருக்கிறது. கோயில் வாசலில் அவருடைய அதே வால்வு செட்டு, பக்கத்தில் வெள்ளைத்துரை.

“ஆத்திர அவசரத்துக்குக் கொண்டாந்தேன் மச்சான்.”

அடுத்த வருஷமும் வெள்ளைத்துரைதான் செட்டைக் கொண்டுவந்தார். கூட இருந்தே குழி பறித்த ஆளைப் பஞ்சாயத்தில் நிறுத்தவேண்டும் என்று நான் குதித்தேன்.

“சும்மா இருங்கண்ணே. எந் தங்கச்சி அந்த வீட்லதான பொழைக்கிறா” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஒத்தி மீளவில்லை. வயலும் போய், வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போனார். தங்கைக்காகத்தானே என்று எல்லாவற்றையும் தாங்கினார்.

எண்பத்துநாலு திருவிழாவுக்கு முத்துத்தாய் வந்தாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். உக்கிரபாண்டிக்கு மனசு பொறுக்காமல் வாயில் வந்துவிட்டது.

“ஆயிரந்தான் இருந்தாலும் மாப்ள அப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது தாயி.”

அவள் தலை குனியவில்லை.

“அவருக்கு ஏதுண்ணே அம்புட்டு வெவரம்? நாந்தான் சொல்லி அனுப்புனேன். அப்பன் வயலு அம்புட்டயும் ஒனக்கு வச்சாரு. எனக்கு என்ன வச்சாரு?”

உக்கிரபாண்டி, தங்கைக்கென்று கூலிக்காசில் எடுத்து வைத்திருந்த சேலையை அவள் மடியில் வைத்தார். அவள் பிரித்து, முந்தியில் சரிகை இருக்கிறதா என்று பார்த்தாள்.