ஜூஜுவாடி தாண்டாத ஜப்தி

தீர்ப்பு வந்த அன்றைக்கு மெஸ்ஸுக்கு வந்த எல்லோருக்கும் கேசரி போட்டேன். கோர்ட்டே சொல்லிவிட்டது, இனி பணம் வீடு தேடி வரும் என்று நம்பிய ஆள் நான். எனக்காக வாதாடிய வக்கீலம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நெய் தாராளமாப் போட்டிருக்கீங்க. ஆனா கேஸ் இப்பத்தான் பாதி முடிஞ்சிருக்கு" என்றார்.

ஓசூர் சிப்காட் பக்கத்தில் எனக்கு ஒரு மெஸ். தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஒருவர் தன் ஆட்களுக்கு மூன்று வேளையும் என்னிடம் சாப்பாடு வாங்கினார். முதலில் ஒழுங்காகக் கொடுத்தார், பிறகு இழுத்தார், கடைசியில் மூன்றே கால் லட்சம் நின்றுபோனது. அவருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. 'நாளைக்கு', 'நாளெ', 'ரேப்பு' என்று மூன்றிலும் தவணை சொல்வார். அரிசிக்கடைக்கும் மளிகைக்கும் நான் கொடுத்தாக வேண்டுமே! தளியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை தன் நகைகளைக் கழற்றித் தந்தாள். அதை பேங்கில் வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. கேஸ் நான்கு வருஷம் ஓடியதில் வட்டி ஏறி, நகை ஏலத்துக்குப் போகும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். தங்கையோ ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜெயித்தவர்தான் தோற்றவரின் சொத்தைத் தேடிக் காட்ட வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம் என்று வக்கீலம்மாவிடமே சண்டைக்குப் போனேன். பிறகு காண்ட்ராக்டரின் வீட்டு விலாசத்தைப் பெருமையாக நீட்டினேன். டிவி, பிரிட்ஜ், சோபா எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னேன். விலாசத்தைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "அத்திப்பள்ளியா? அது கர்நாடகாம்மா. இந்தக் கோர்ட் ஜப்தி ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டாது." காய் வாங்கவும் கல்யாணத்துக்கும் நினைத்தபோதெல்லாம் போய்வருகிற இடம். அதை வேறு மாநிலம் என்று இங்கே யார் நினைக்கிறோம்? அந்த ஊர் கோர்ட்டுக்கு மாற்றி வாங்குவதற்குள் நகை ஏலம் போய்விடும்.

"இந்தப் பக்கம் அவருக்கு என்ன இருக்கு?" என்று வக்கீலம்மா கேட்டார். இருந்தது ஒரு வேன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வரும், நேரே தொழிற்சாலை கேட்டுக்குள் போய்விடும். அந்த வேனுக்கு ஜப்தி உத்தரவு வாங்கினோம். ஜப்தியை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா ரோட்டில் நின்று கைகாட்டினார். வேன் நிற்காமல் போய்விட்டது.

வேன் டிரைவர் அஞ்செட்டிக்காரன். இப்போது தளியில் பூ லோடு ஓட்டுகிறான், அப்போது காண்ட்ராக்டரிடம் இருந்தான். முதலாளி என்னிடம் வாங்குவதை நிறுத்திய பிறகும், மத்தியானம் தன் காசில் என் மெஸ்ஸுக்கே வந்து சாப்பிடுவான். அன்றைக்கு இலையில் உட்கார்ந்ததும், "காலையில ஒரு பெரியவரு லிஃப்ட் கேட்டாருக்கா. ஷிப்டுக்கு நேரமாயிடுச்சி, நிறுத்தல" என்றான்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் யார், எதற்கு நின்றார் என்பதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன், தங்கை நகை உட்பட. அவன் ரசம் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "நாளைக்குக் காலையில உங்க மெஸ்ஸு முன்னால நிறுத்தி, டயர்ல காத்து இருக்குதான்னு பாக்கப்போறேன். பாக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவுங்க்கா."

"உன் வேலை போயிடும்டா."

"டிரைவருக்கா ஓசூர்ல வேலையில்ல?" என்று கிளம்பிவிட்டான்.

சொன்னபடி நிறுத்தினான். அமீனா உத்தரவைக் காட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். வேனிலிருந்து இறங்கியவர்கள் ஷிப்டுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் முழித்தார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் என்னிடம் சாப்பிட்டவர்கள். அவர்களைப் பட்டினி போட மனம் வரவில்லை, இட்லி வைத்தேன். "ஜப்தி பண்ண வந்த இடத்துல பந்தி வைக்கிறீங்களேம்மா!" என்றார் அமீனா. அவருக்கும் ஒரு தட்டு நீட்டினேன். டியூட்டியில் இருக்கிறேன், வேண்டாம் என்று நகர்ந்துகொண்டார்.

ஆள் போகாவிட்டால் காண்ட்ராக்டே போய்விடும் என்ற பயம், நாலு வருஷம் வராத பணத்தை நாலு நாழிகையில் கொண்டுவந்தது. காண்ட்ராக்டர் காரில் வந்து இறங்கினார். யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். கடைசியில் வட்டியோடு முழுத் தொகையையும் அமீனாவிடம் கட்டினார். அது கோர்ட் வழியாகத்தான் என் கைக்கு வரும், ஆனால் வந்துவிடும். தங்கையின் நகை தப்பித்தது. அமீனாவை அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன்.

சாவி திரும்பக் கைக்கு வந்ததும் காண்ட்ராக்டர் டிரைவர் பக்கம் திரும்பினார். "இன்னியோட நின்னுக்கோ. இத்தினி வருஷம் என் சோத்தத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க சோறா சார்? அதுக்கு நீங்க இப்பத்தானே காசு கட்டுனீங்க. இத்தினி நாளும் நாங்க தின்னது அக்கா சோறு."

கோர்ட்டில் ஒரு நாளும் அழாதவள், கையில் கரண்டியோடு அழுதுவிட்டேன்.